குணம் இலையிலா, உடலிலா?

ஒரு மூலிகையின் குணம் எங்கே குடியிருக்கிறது என்ற கேள்வி, பொருளுக்கும் பண்புக்கும் உள்ள உறவு பற்றி இந்தியத் தத்துவங்கள் பல நூற்றாண்டுகள் நடத்திய வழக்கின் ஒரு கிளை. பொருள் வேறு, குணம் வேறு, இரண்டையும் பிரியாமல் கட்டிவைக்கும் சமவாயம் என்ற மூன்றாவது ஒன்றும் உண்டு என்பது வைசேடிகர் கட்சி. பிறந்த முதற்கணத்தில் பொருள் குணமே இல்லாமல் நிற்கிறது, அடுத்த கணத்தில்தான் குணம் வந்து சேர்கிறது என்று சொல்லும் எல்லைவரை நையாயிகர் இந்தப் பிரிவை இழுத்துச் சென்றனர். சைவ சித்தாந்திகள் சமவாயத்தை ஏற்கவில்லை. குணமும் குணியும் சொல்லும்போது இரண்டு, உள்ளபடி ஒன்று. அந்த உறவுக்குப் பெயர் தாதான்மியம் என்றனர்.

இதனோடு பின்னிக் கிடப்பது காரியம் பற்றிய வழக்கு. குடம் வனையப்படுவதற்கு முன் மண்ணில் நுண்ணிலையில் இருந்ததா, அல்லது இல்லாத ஒன்று புதிதாகத் தோன்றியதா? இருந்ததுதான் வெளிப்பட்டது என்பது சற்காரியவாதம். சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் இந்தப் பக்கம். புதிதாகத் தோன்றியது என்பது வைசேடிகரின் ஆரம்பவாதம். வெளிப்படுவதற்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று சித்தாந்தம் மூன்றாகப் பிரிக்கிறது. நூல்களில் குடத்தையும் துணியையும் வைத்தே பேசப்பட்ட இந்த வழக்குகளைச் சோதிக்கத் தாவர வேதியியல் இன்று வேறு வகையான சான்றுகளைத் தருகிறது. அவற்றில் பல, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மானாவாரிக் காடுகளிலேயே முளைத்துக் கிடக்கின்றன.

வடகிழக்குப் பருவமழையை நம்பிய இந்தக் கரிசலும் செவலும் கலந்த பூமியில் தானாக வளர்பவை பெரும்பாலும் கசக்கும், கார்க்கும், அல்லது நாறும். வேம்பு, எருக்கு, ஊமத்தை, ஆவாரை, குப்பைமேனி, பிரண்டை, நெருஞ்சி என்று பட்டியல் நீளும். வேர் ஊன்றிய இடத்தைவிட்டு நகர முடியாத செடி, ஆட்டுக்கும் புழுவுக்கும் பூசணத்துக்கும் ஈடுகொடுப்பது தனக்குள் காய்ச்சும் சேர்மங்களால்தான். செடி வளர்வதற்கு நேரடியாகத் தேவைப்படாத இவற்றை இரண்டாம்நிலை வளர்சிதைப் பொருள்கள் என்பர். தண்ணீர் குறையும்போது சில செடிகளில் இவை கூடுகின்றன; நித்தியகல்யாணியின் வேரில் ஆல்கலாய்டு வறட்சியில் உயர்வதை ஆய்வுகள் காட்டியுள்ளன. வறண்ட நிலத்து மூலிகைக்கு வீரியம் அதிகம் என்ற நாட்டு வைத்தியர்களின் பேச்சுக்கு, எல்லாச் செடிக்கும் இல்லாவிட்டாலும், ஓரளவு அடிப்படை உண்டு. ஆனால் அந்தச் சேர்மம் மனிதனின் காய்ச்சலையோ மலச்சிக்கலையோ மனத்தில் கொண்டு உண்டானதன்று. செடியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது தற்காப்பு. மருந்து என்ற சொல்லே மனிதன் பக்கத்திலிருந்து வருவது.

சித்த மருத்துவக் குணபாடம் ஒரு சரக்கின் செயலைச் சுவை, குணம், வீரியம், பிரிவு, மகிமை என்று ஐந்து படிகளில் விளக்குகிறது. நாவில் தெரிவது சுவை. வெப்பமா தட்பமா என்பது வீரியம். செரித்தபின் நிற்கும் சுவை பிரிவு. இந்த நான்கையும் கொண்டு விளக்க முடியாத தனிச்செயல் மகிமை. ஆயுர்வேதத்தில் இதைப் பிரபாவம் என்பர். சரக சம்ஹிதை இதற்குக் கொடுக்கும் சான்று நேர்த்தியானது. கொடிவேலியும் நாகதந்தியும் சுவையில் ஒன்று, வீரியத்தில் ஒன்று, செரித்தபின் நிற்கும் சுவையிலும் ஒன்று. இருந்தும் நாகதந்தி பேதியாக்கும். கொடிவேலி அப்படிச் செய்யாது. காரணம் பிரபாவம் என்று நூல் நிறுத்திக்கொள்கிறது. இன்றைய பகுப்பாய்வில் கொடிவேலியின் வேரில் பிளம்பாஜின் என்ற நாஃப்தோகுவினோனும், நாகதந்தியில் போர்பால் வகைச் சேர்மங்களும் கிடைக்கின்றன. நாவுக்கு இரண்டும் ஒரே காரம்; மூலக்கூறில் உறவே இல்லை. மகிமை என்ற அறையை அறியாமையின் மறைவிடம் என்று ஏளனம் செய்வது எளிது. உண்மையில் அது, நாவை மட்டும் கருவியாகக் கொண்ட ஓர் அறிவு தன் கருவி எங்கே நின்றுவிடுகிறது என்று தானே போட்டுக்கொண்ட எல்லைக்கல். எல்லாவற்றையும் சுவையால் விளக்கிவிட்டதாகச் சொல்லிக்கொள்ளாத நேர்மை அதில் இருக்கிறது.

மூலக்கூறு கண்டுபிடிக்கப்பட்டதும் குணத்தின் இருப்பிடம் தெரிந்துவிட்டது என்று தோன்றும். தென்மாவட்டங்களின் மானாவாரி நிலத்தில் பயிராகி, 'டின்னவெல்லி சென்னா' என்ற பெயரில் உலகச் சந்தைக்குப் போகும் நிலாவாகை அந்த எண்ணத்தைக் கலைத்துவிடுகிறது. விவசாயிகள் இதை அவுரி என்றே அழைக்கின்றனர். சாயம் தரும் அவுரி வேறு. இதன் பேதிச் செயலுக்குக் காரணமான சென்னோசைடுகளை 1941-ல் சுவிட்சர்லாந்தில் ஆர்தர் ஸ்டோலும் அவருடைய குழுவினரும் பிரித்தெடுத்தனர். அதன்பின் தெரியவந்த செய்திகளே தத்துவத்துக்கு விருந்து. செடியில் நிற்கும் பச்சை இலையில் சென்னோசைடு மிகக் குறைவு. அதில் இருப்பவை சர்க்கரை கோத்த ஆந்த்ரோன்கள். இலையை மிதமான வெப்பத்தில் உலர்த்தும்போதுதான் இவை இரண்டிரண்டாக இணைந்து சென்னோசைடாகின்றன. இலையை மெல்லிய படலமாக நிழலில் பரப்பி உலர்த்தும் வழக்கம் வெறும் பாதுகாப்பு வேலை அன்று. மருந்தே அங்குதான் உருவாகிறது.

அடுத்த கட்டம் உடலுக்குள். விழுங்கிய சென்னோசைடு இரைப்பையிலும் சிறுகுடலிலும் பெரிதாக எதுவும் செய்யாமல் பெருங்குடல் வரை போகிறது. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் சர்க்கரையை நீக்கி, மூலக்கூறை உடைத்து, ரெயின் ஆந்த்ரோன் ஆக்குகின்றன. குடலசைவைத் தூண்டி நீரைச் சுரக்கவைப்பது அதுதான். இரவில் கசாயம் குடித்தவருக்கு விடியலில் பேதியாவது இந்தத் தாமதத்தால். ஆகச் செடியில் ஒன்று, களத்தில் இன்னொன்று, குடலில் மூன்றாவது. 'நிலாவாகை பேதியாக்கும்' என்ற வாக்கியத்தில் பேதியாக்கும் குணத்துக்குக் குணி எது? இலை என்றால் பச்சை இலையில் அந்த மூலக்கூறு ஏறக்குறைய இல்லை. சென்னோசைடு என்றால் அதுவும் நேரே வேலை செய்வதில்லை. பாக்டீரியா என்றால் இலையில்லாமல் அது சும்மா இருக்கிறது. சமவாயம் போன்ற ஒரே கட்டு இங்கே பிடிக்காது. சித்தாந்தத்தின் மூன்று காரணங்கள் கூடுதலாகப் பொருந்துகின்றன. இலை முதற்காரணம், நிழலும் குடல் உயிர்களும் துணைக்காரணம், எவ்வளவு, எப்போது, யாருக்கு என்று முடிவு செய்யும் வைத்தியன் நிமித்தகாரணம். திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து கவனிப்பவன் என்று மருத்துவத்தை நான்காகப் பகுப்பதிலும் இதே உணர்வு உண்டு. இன்றைக்கு ஐந்தாவதாகக் குடல் பாக்டீரியாவையும் சேர்க்க வேண்டியிருக்கும்.

சற்காரியவாதத்துக்கு இதைவிடத் தெளிந்த சான்று மல்லி. அருப்புக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் விடிவதற்கு முன்பே மொட்டாகப் பறித்து மதுரைச் சந்தைக்கு அனுப்பப்படும் பூ, பறிக்கும்போது மணப்பதில்லை. மாலையில் மொட்டு அவிழும்போதுதான் மணம் கிளம்புகிறது. மணத்துக்குக் காரணமான லினலூல் போன்ற ஆவியாகும் சேர்மங்கள் மொட்டுக்குள் சர்க்கரையோடு பிணைந்து, ஆவியாக முடியாத வடிவில் கட்டுண்டு இருக்கின்றன. அவிழும் நேரத்தில் நொதிகள் அந்தப் பிணைப்பை வெட்டுகின்றன. உள்ளது வெளிப்பட்டது என்ற சாங்கியர் வாதத்தை மெய்ப்பிக்கச் சோதனைச்சாலையில் ஒருவர் ஏற்பாடு செய்ததுபோல இருக்கிறது இந்த அமைப்பு. ஆனால் வாதம் அத்தோடு முடிவதில்லை. மணத்தின் ஒரு பகுதி, பறித்த பிறகு அந்த மாலையிலேயே புதிதாகத் தயாராகிறது. பறித்த மல்லி மணிக்கணக்காக மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருப்பதால்தான், பூவைக் கொழுப்பில் பரப்பி வைத்து வாசனையை மெதுவாக ஏற்றியெடுக்கும் முறை பழங்காலத்தில் இதற்கு ஏற்றதாக இருந்தது. ஆரம்பவாதிக்கும் ஒரு பங்கு மிஞ்சுகிறது. நாற்றம் நிலத்தின் சிறப்புக் குணம் என்று இரு கட்சியும் ஒப்புக்கொண்டவை. அந்தக் குணத்துக்குக் கடிகாரம் உண்டு என்பதைத்தான் இருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

மூலிகையைப் பறிப்பதற்கு முன் மஞ்சள் நூலில் காப்புக்கட்டி, மந்திரம் சொல்லிச் சாபநிவர்த்தி செய்யும் சித்த மரபை இந்த இடத்தில் நினைக்கத் தோன்றும். பறிக்கும் நாளும் வேளையும் அதில் குறிக்கப்படுகின்றன. வேளையால் சேர்மத்தின் அளவு மாறும் என்பது மெய். அபினிச்செடியின் ஆல்கலாய்டுகள் ஒரே நாளுக்குள் ஏறி இறங்குவது அறுபதாண்டுகளாகத் தெரிந்த செய்தி. ஆனால் இதைக்கொண்டு சாபமும் நிவர்த்தியும் அறிவியல் என்று நிறுவ முயல்வது சடங்குக்கும் நியாயம் செய்யாது, வேதியியலுக்கும் செய்யாது. சடங்கு சொல்வது வேறு: செடி பறிப்பவனுக்கு உரிமையான சரக்கு அன்று, கேட்டுப் பெற வேண்டிய ஓர் உயிர். அது அறம் பற்றிய கூற்று. மூலக்கூற்று எடையைக் கொண்டு அதை மெய்ப்பிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

சுவை பற்றிய வழக்கை மொத்தமாகப் புரட்டிப்போடுவது சிறுகுறிஞ்சான். வேலியில் படரும் இக்கொடியின் இலையை மென்றபின் சர்க்கரையை வாயில் போட்டால் மணலைப் போட்டதுபோல் இருக்கும். உதகமண்டலத்தில் சென்னை அரசின் சின்கோனா வேதியியலாளராக இருந்த டேவிட் ஹூப்பர் 1887-ல் இந்த இலையை ஆராய்ந்து, செயலுக்குக் காரணமான பொருளுக்கு ஜிம்னிமிக் அமிலம் என்று பெயரிட்டார். அது சர்க்கரையை எதுவும் செய்வதில்லை. நாவில் இனிப்பை உணரும் ஏற்பிகளில் போய் அமர்ந்து சிறிது நேரம் வழியை அடைக்கிறது. மனிதருக்கும் சிம்பன்சிக்கும் அப்படி. எலிகளின் ஏற்பியில் அமைப்பு சற்று மாறியிருப்பதால் அவற்றுக்கு இனிப்பு குறைவதில்லை. இனிப்பு சர்க்கரையின் குணம் என்று சொன்னவருக்கு இது சங்கடம். சர்க்கரை அப்படியே இருக்கிறது, இனிப்பு மட்டும் போய்விட்டது. குணம் அறிபவனின் மனத்தில்தான் என்று சொல்லும் பௌத்த விஞ்ஞானவாதிக்கும் இதில் வெற்றி இல்லை. ஒருவன் எவ்வளவு நினைத்தாலும் இலையின் வேலை முடியும்வரை இனிப்பு திரும்பாது. பொருளும் பொறியும் கூடும் இடத்தில் நிகழ்வதே சுவை என்று கொள்வதே இருவருக்கும் எஞ்சும் வழி.

நித்தியகல்யாணியின் கதை வேறு ஒரு முடிச்சு. மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட இச்செடி தமிழ்நாட்டில் கோயில் நந்தவனத்திலும் பூக்கும். சுடுகாட்டு மல்லி என்ற பெயருடன் மயானத்திலும் பூக்கும். தென்மாவட்டங்களின் வறண்ட நிலங்களில் இலைக்கும் வேருக்கும் பயிரிடப்படுகிறது. ஜமைக்காவில் நீரிழிவுக்குக் கசாயமாகக் குடிக்கப்பட்ட இலை 1952-ல் கனடாவுக்குப் போனது. மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் அதன் சாற்றை எலிகளுக்குச் செலுத்தியபோது ரத்தச் சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்கள் குறைந்தன. சார்லஸ் பீருடன் சேர்ந்து அவர் பிரித்தெடுத்த வின்பிளாஸ்டினும், பின்னர் எலை லில்லி நிறுவனத்தில் கிடைத்த வின்கிரிஸ்டினும் புற்றுநோய் மருந்துகளாயின. செல் இரண்டாகப் பிரியும்போது தேவைப்படும் நுண்குழாய்களை அவை கட்டவிடுவதில்லை. வின்கிரிஸ்டினுக்கு 1963-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் அதன் இடம் இன்றும் நிலைத்திருக்கிறது.

இந்தச் செடியில் 130-க்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் உள்ளன. வின்பிளாஸ்டின் என்பது கேத்தரான்தின், விண்டோலின் என்ற இரண்டின் இணைப்பு. வியப்பு என்னவென்றால் முன்னது இலையின் மேற்பரப்பு மெழுகில் இருக்கிறது, பின்னது உட்திசுவின் செல்களில் இருக்கிறது. இரண்டும் சந்திக்கும் வாய்ப்பே குறைவு. 1 கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ உலர் இலை தேவைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். உள்ளதே வெளிப்படும் என்று சொல்பவர் இந்த இலையின் முன் நின்று யோசிக்க வேண்டியிருக்கும்: ஒரே இலையில் சுவர் வைத்துப் பிரிக்கப்பட்ட இரண்டு பாதிகள் இருப்பதை முழுமை நுண்ணிலையில் இருப்பதாகக் கணக்கிடலாமா? 2022-ல் அமெரிக்க, டென்மார்க் ஆய்வாளர்கள் செடியின் மரபணுக்களை ஈஸ்ட் என்ற பூஞ்சைக்குள் புகுத்தி அந்த இரு பாதிகளையும் அங்கேயே காய்ச்சவைத்து, பின் வேதிமுறையில் இணைத்து வின்பிளாஸ்டின் எடுத்தனர். மூலக்கூறு அணுவுக்கு அணு அதே. சுடுகாட்டையும் பார்த்ததில்லை, நந்தவனத்தையும் பார்த்ததில்லை. தாதான்மியத்தை இறுகப் பிடிப்பவர், குணம் குணியை விட்டு இப்படிக் குடிமாறும் என்பதை ஏற்கத் தயங்குவார். அவருக்கு ஒரு விடை உண்டு: வின்பிளாஸ்டின் செடியின் குணமே அன்று, தனக்கெனக் குணங்கள் உள்ள தனிக் குணி. அந்த விடை சரியென்றால் நிலாவாகைக்கும் அதுவே பொருந்த வேண்டும். அங்கேதான் அது தடுமாறுகிறது.

பூஞ்சைகள் வந்துவிட்டால் குணி யார் என்பதே குழம்பும். கம்புக் கதிரில் தேன்போல் வடியும் தேனொழுகல் நோய்க்குக் காரணம் கிளாவிசெப்ஸ் என்ற பூஞ்சை. பின்னர் கதிரில் உருவாகும் கருத்த பூசணக் கட்டிகளில் எர்காட் வகை ஆல்கலாய்டுகள் இருக்கும்; அவை கலந்த கம்பைத் தின்றால் வாந்தியும் தலைசுற்றலும் வரும். விதையை உப்புக் கரைசலில் போட்டு மிதக்கும் கட்டிகளை அள்ளிவிட வேளாண் துறை சொல்வது இதனால். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் 10 யானைகள் வரகுப் பயிரை மேய்ந்தபின் மாண்டன. உடல்களில் கிடைத்த சைக்ளோபியசோனிக் அமிலம் பூஞ்சைகள் உண்டாக்குவது. இரண்டிலும் பழி தானியத்தின்மேல் விழுந்தது. இன்னும் நுட்பமானது, சில ஐப்போமியா கொடிகள். அவற்றில் உள்ள எர்காட் ஆல்கலாய்டுகள் அந்தச் செடியின் குணம் என்றே நெடுங்காலம் எழுதப்பட்டன. பெரிகிளாண்டூலா என்ற பூஞ்சை இலையில் செடியோடு ஒட்டி வாழ்ந்து, விதை வழியாகத் தலைமுறை தாண்டி, அவற்றை உண்டாக்குகிறது என்று பின்னர் தெரிந்தது. 'செடி' என்று விரல்நீட்டிக் காட்டப்படும் ஒன்று பல உயிர்கள் கூடியிருக்கும் குடும்பம் என்றால், குணியின் ஒருமையே முதலில் நிறுவப்பட வேண்டியதாகிறது.

இதுவரை கண்டவை எல்லாம் அனுபவ அறிவுக்கு ஓரளவு ஆதரவாகவே நிற்கின்றன. ஆடுதீண்டாப்பாளை எதிர்த்திசையில் நிற்கிறது. கரிசலில் களையாகப் படரும் இக்கொடியை ஆடு தொடாது. நாட்டு வைத்தியத்தில் புழுவுக்கும் விஷக்கடிக்கும் பயன்பட்டது. இதன் இனத்துக்கே உரிய அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை அழிக்கும், புற்றுநோயை உண்டாக்கும். 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல்மெலிவுச் சிகிச்சைக்கு இந்த இனத்துச் சீன மூலிகை கலந்த மாத்திரைகளை உட்கொண்ட நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதானபோது உலகம் விழித்தது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை முதல் வகுப்புப் புற்றுநோய்க் காரணியாக வைத்திருக்கிறது. உடலின் நொதிகளே அமிலத்தை மாற்றி, அது டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்ளும் வடிவைக் கொடுக்கின்றன. குடித்ததற்கும் நோய்க்கும் இடையே ஆண்டுகள் ஓடிவிடும்.

சைவ சித்தாந்தம் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றாகச் சுருக்கிச் சொல்லும். வைத்திய நூல்களின் உரைக்கு அடியில் பல தலைமுறையின் காண்டல் இருக்கிறது. அதனால்தான் அதற்கு மதிப்பு. பேதி, வியர்வை, மயக்கம், வலி நீங்குதல் ஆகியவற்றில் அந்தக் காண்டலை நம்பலாம். பத்தாண்டு கழித்து வரும் புற்றுநோயை எந்தப் பரம்பரையும் தான் கொடுத்த கசாயத்தோடு இணைத்துப் பார்த்திருக்க முடியாது. ஆயிரம் ஆண்டுகளாகப் பயன்பட்டது ஆகையால் தீங்கில்லை என்ற வாதம் இங்கே உடைகிறது. காண்டல் எட்டாத இடத்தில் உரை தனியாக நிற்க முடியாது. உலகில் மருந்தாகாத பொருளே இல்லை என்ற சரகரின் புகழ்பெற்ற கூற்றிலும், முறையறிந்து, நோக்கமறிந்து பயன்படுத்தினால் என்ற நிபந்தனை கூடவே வருகிறது. முதற்பாதியை மட்டும் மேடையில் சொல்வோர் அதை மறந்துவிடுகின்றனர்.

சமய நோக்கில் இன்னொரு கேள்வி மிஞ்சுகிறது. நோய் முன்வினைப் பயன் என்றால் மருந்து எதற்கு? நுகர்ந்தே தீர வேண்டிய பிராரத்தம் உடல் வழியாகத் தீர்கிறது என்பது சித்தாந்தம். ஆனால் மருந்து கிடைப்பதும் அது பலிப்பதும் அதே வினையின் ஒழுங்குக்குள் அடங்குவன என்பதால் வைத்தியம் வினைக்கு எதிரான கலகமாகக் கருதப்படவில்லை. திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த ரமண மகரிஷியின் கடைசி ஆண்டு இதற்கு அருகே வைத்துப் பார்க்கத்தக்கது. இடக்கையில் எழுந்த கட்டி 1949 பிப்ரவரியில் அறுவையில் நீக்கப்பட்டும் மீண்டும் வளர்ந்து, சார்கோமா என்று தெரிந்தது. மேலும் அறுவைகள், ரேடியம், இடையில் பச்சிலை வைத்தியம், ஹோமியோபதி என்று எல்லாம் நடந்தன. 1950 ஏப்ரல் 14-ல் உடல் ஓய்ந்தது. எந்த வைத்தியத்தையும் அவர் தேடவும் இல்லை, விலக்கவும் இல்லை; அன்பர்களின் விருப்பத்துக்கு விட்டார். உடல் எடுத்ததே முதல் நோய், அந்த நோய்க்கு வந்த நோய்தான் இது என்ற பொருளில் அவர் பேசியதாக ஆசிரமத்தார் பதிந்திருக்கின்றனர்.

இந்த நிலையைப் பச்சிலை பலிக்காததற்கான விளக்கமாகவோ, நவீன மருந்தை மறுப்பதற்கான சான்றாகவோ எடுத்துக்கொள்வது அவர் எழுப்பிய கேள்வியையே தவறவிடுவது. நோய் யாருக்கு என்று அத்வைதம் கேட்கிறது. நோயை எது மாற்றும் என்று மருந்தியல் கேட்கிறது. முதற்கேள்விக்கு எந்த விடை வந்தாலும் இரண்டாவதன் விடை மாறுவதில்லை. தன்னை உடலென்று எண்ணுபவனுக்கும் எண்ணாதவனுக்கும் நிலாவாகையால் அதே நேரத்தில்தான் பேதியாகும். குடல் பாக்டீரியா இருவருக்குள்ளும் ஒரே மாதிரி சர்க்கரையை நீக்குகிறது.